நனையாத குதிகால்

என் வீட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்ட கதையைச் சொல்ல வந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அறுபத்து மூன்றாம் வருஷம். அவர் பெயர் நுஹ்மான். துணி வியாபாரி. வியாபாரி என்றதும் கடை, பெயர்ப்பலகை என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய கடை அவர் முதுகில் இருந்தது. பலாபத்வலையில் எங்கள் வீட்டிலிருந்து விடிந்ததும் மூட்டையோடு புறப்பட்டால், யட்டவத்தைப் பக்கத்துக் கிராமங்களில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கி, சீத்தைத் துணியும் சாரமும் விற்றுவிட்டுப் பின்னேர அஸர் தொழுகைக்குத்தான் திரும்புவார். பஸ் போகாத இடங்களில்தான் அவருக்கு வியாபாரம். அந்த இரண்டு கால்களும்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

அன்றைக்கு மழை. ஓடை பெருகியிருந்தது. கமுகு மரம் இரண்டை வெட்டிக் குறுக்கே போட்டிருந்த பாலத்தில் வரும்போது வழுக்கிவிட்டது. மனுஷன் கையை ஊன்றியிருக்கலாம். ஊன்றவில்லை. மூட்டை நனைந்துவிடும் என்று இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலைக் கல்லிடுக்கில் கொடுத்திருக்கிறார். துணியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வலது கணுக்காலின் இரண்டு பக்கத்து எலும்பும் முறிந்து, பாதம் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. யாரோ லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் பதறியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்.

"சாமான் ஒண்ணும் பழுதாகல்ல, ஸுபைதா," என்றார்.

"கால்?"

"அது கெடக்கு."

அந்த இடத்திலேயே இன்னொரு காலையும் முறித்திருப்பேன். டொக்டர் வந்துவிட்டார், தப்பினார்.

டொக்டர் விஜயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். நெடிய மனிதர். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு லேசாகத் தெரியும். வெள்ளைச் சட்டை அவ்வளவு வெள்ளையாக வேறு யாரும் உடுத்து நான் கண்டதில்லை. என்னை வெளியே போகச் சொல்லத்தான் வாயெடுத்தார். என் வீட்டுக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "சரி, நிக்கட்டும்," என்றார். அப்படித்தான் அந்த அதிசயத்தை என் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

காலில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார். பிறகு குதிகாலை ஒரு கையாலும் முன்பாதத்தை மறு கையாலும் பிடித்து இழுத்துத் திருப்பினார். உள்ளே ஏதோ நெறுநெறுவென்றது. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் பாதம் தன் திசைக்கு வந்திருந்தது. சுசீலாதேவி மிஸ்ஸி, அந்த வார்டின் தாதி, முழங்காலுக்குக் கீழே இருந்து விரல்கள் வரைக்கும் பஞ்சைச் சுற்றினார். அவர் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். ஒரு தட்டில் துணிச் சுருள்கள். மெல்லிய வலைத்துணியில் வெள்ளை மாவைத் தேய்த்து மிஸ்ஸிமாரே சுற்றி வைத்தவை. டொக்டர் ஒரு சுருளை வாளிக்குள் விட்டார். குமிழி குமிழியாக வந்தது. குமிழி நின்றதும் எடுத்து இரண்டு முனையையும் பிடித்து மெதுவாகப் பிழிந்து, காலைச் சுற்றி உருட்டத் தொடங்கினார். ஒரு சுற்று, அதன் மேல் பாதி ஏறி மறு சுற்று. சுற்றிச் சுற்றி உள்ளங்கையால் தடவினார். விரல் நுனி படாமல் பார்த்துக்கொண்டார். நுனி பட்டால் அந்த இடம் குழியும், குழி உள்ளே காலைக் குத்திப் புண்ணாக்கும் என்று மிஸ்ஸி எனக்குச் சொன்னார்.

பிறகு அவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மேல் சிலிர்க்கும். பாதம் நேராக நிற்கிற மாதிரி மடிந்த நிலையில் காய வேண்டும். தொங்கின வாக்கில் காய்ந்தால் மனுஷன் பிறகு நுனிக்காலில்தான் நடக்க வேண்டிவரும். டொக்டர் குனிந்தார். என் வீட்டுக்காரரின் உள்ளங்காலைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

ஊரூராகச் சேறு மிதித்த கால். பிழையாக யார் மேலாவது பட்டால் தொட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிற ஊரில், ஒரு டொக்டரின் நெஞ்சில்.

"ஐயோ, கால் படுது ஐயா! ஐயாட நெஞ்சுல கால் படுது!" என்று இவர் காலை இழுக்கப் பார்த்தார்.

"பேசாமல் இருங்கோ," என்றார் டொக்டர். "அது காய்ஞ்சு முடிய வேணும். அவ்வளவுதான்."

அவர் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தொட்டுப் பாருங்கோ, தங்கச்சி," என்றார். தொட்டேன். சுட்டது. வாளித் தண்ணீர் பச்சைத் தண்ணீர். நெருப்பு யாரும் வைக்கவில்லை. இருந்தும் இப்போது இறக்கிய சோற்றுப் பானை மாதிரிச் சூடு.

"இது ஒருவகைக் கல்லு. சுட்டு மாவாக்கி வச்சிருக்கினம். தண்ணி பட்டவுடனை அது திரும்பவும் கல்லாகுது. அந்த நேரம் இப்பிடிச் சுடும்."

சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சுட்டுப் பொடித்த பிறகும் ஒரு கல் தான் கல் என்பதை மறக்காமல் இருக்கிறதே! டொக்டர் நிமிர்ந்தபோது அவருடைய சட்டை நெஞ்சில் ஒரு வெள்ளைப் பாதம் பதிந்திருந்தது. அதைத் துடைக்காமலே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

போகும்போது சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "ஆறு கிழமை. காலை ஊண்டக் கூடாது. நனைக்கக் கூடாது."

"சரிங்க ஐயா," என்றோம் இரண்டு பேரும்.

பத்து நாளில் கட்டின் குதிகால் பக்கம் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிட்டது. திரும்பவும் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அழுத்திப் பார்த்தார், மோந்து பார்த்தார். "குளிச்சனீங்களோ?" என்றார். "இல்லங்க ஐயா," என்றார் இவர். "மழையில போனனீங்களோ?" "வாசப்படி தாண்டல்ல ஐயா." என் வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார், துணி சாயம் போகும் என்றால் வாங்குகிறவர் கேட்கும் முன்னமே சொல்லிவிடுகிற ஆள். நானும் பக்கத்தில் நின்று, "ஒரு சொட்டுத் தண்ணி படல்லைங்க," என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்பு கொஞ்சம் விலகியிருந்தது. மறுபடி ஊசி, மறுபடி இழுவை, மறுபடி அந்த நெஞ்சு. மாவில்தான் ஏதோ பழுது என்று டொக்டர் நினைத்துக்கொண்டு, புது டின் உடைக்கச் சொன்னார்.

அடுத்த பத்தாம் நாள் வரச் சொல்லியிருந்தார். போய் வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வருவதற்குள் பள்ளிவாசலில் மத்தியான லுஹர் பாங்கு சொன்னது. "தண்ணி எடு," என்றார். நான் பையிலிருந்து வதுனாவை எடுத்துக் குழாயில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். மூக்கு வைத்த சின்னச் செம்பு அது. தொழுகைக்கு முன் வுளுச் செய்யும்போது அதிலிருந்துதான் கை, முகம், கால் கழுவுவோம். அவர் கை கழுவினார், வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார். இடது காலைக் கழுவினார். பிறகு கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கி வாங்கின் மேல் சாய்த்து, விரல்களுக்கும் கட்டுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் வதுனாவின் மூக்கை வைத்து, குதிகால் வரைக்கும் இறங்குகிற மாதிரி நிதானமாக ஊற்றினார்.

"ஐயோ! என்ன செய்யிறீங்கள்!" என்று மிஸ்ஸி போட்ட சத்தத்தில் வதுனா கீழே விழுந்தது.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. குளித்தீர்களா என்று கேட்டார்கள், குளிக்கவில்லை. மழையில் போனீர்களா என்று கேட்டார்கள், போகவில்லை. வுளுச் செய்வதை எங்களில் யார் நனைப்பது என்று நினைத்தோம்? அது மூச்சு விடுகிற மாதிரி. ஒரு நாளைக்கு ஐந்து தரம், இருபது நாள், அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு கொடுத்தது நான். என் கையாலே என் குடும்பத்தின் காலைக் கரைத்திருக்கிறேன். அவர் மேல் வந்த கோபம் அப்படியே என் மேல் திரும்பியது. உட்கார்ந்துவிட்டேன்.

கட்டை வெட்டினார்கள். பஞ்சு நாறியது. குதிகால் தோல் வெளுத்து உரிந்திருந்தது. டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

"நுஹ்மான், நான் கல்லுக் கட்டுறன். நீங்கள் கரைக்கிறீங்கள். இன்னும் ஒருக்கா விலகினா எலும்பு கோணலாப் பொருந்திவிடும். பிறகு சாகும் வரைக்கும் நொண்டிதான். மலை ஏற ஏலாது."

"தண்ணியில முக்கித்தானே ஐயா கல்லாக்கினீங்க," என்றார் இவர். "இன்னும் ஊத்தினா இன்னும் இறுகும்னு நெனச்சேன்."

"முதல் தண்ணிதான் கட்டும். பிறகு படுற தண்ணி கரைக்கும். இனி ஊத்த மாட்டீங்களே?"

என் வீட்டுக்காரர் உரிந்த குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"சொல்லுங்களேன்!" என்று நான் கத்தினேன்.

"குதிகால் நனையாதவனுக்கு நரகம்," என்றார், யாரையும் பார்க்காமல். "சின்ன வயசுல ஓதுபள்ளியில எங்களுக்கு ஓதிக்குடுத்த யஹ்யா லெப்பை சொன்னது. குதிகால் காஞ்சிருந்தா வுளு இல்ல. வுளு இல்லாட்டித் தொழுகை இல்ல. நொண்டியாப் போறேன் ஐயா. தொழாம இருக்க மாட்டேன்."

அழுகிறாரோ என்று பார்த்தேன். அழவில்லை, பயந்திருந்தார். முப்பத்தாறு வயது ஆம்பிளை, எட்டு வயதுப் பிள்ளை மாதிரி.

வேறு ஒரு டொக்டர் என்றால் திட்டியிருப்பார். நான் என்றாலும் திட்டியிருப்பேன், திட்டவும் வாயெடுத்தேன். டொக்டர் விஜயரத்தினம் அந்தக் காலை ஒரு தலையணையில் வைத்து இரண்டு பக்கமும் பலகை கட்டச் சொன்னார். "இப்ப மா போட வேண்டாம்," என்றார் மிஸ்ஸியிடம். "என்னாலை காலைக் கட்டலாம். இவற்றை பயத்தைக் கட்ட ஏலாது." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த லெப்பை உயிரோட இருக்கிறாரோ?" என்றார்.

"இருக்கிறாரு. எங்க ஊருதான்."

"காரிலை ஏறுங்கோ. மிஸ்ஸி, நீங்களும் வாங்கோ."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு துணி மூட்டைக்காரனின் குதிகாலுக்காக ஒரு பெரிய டொக்டர் தன் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தன் காரில், பலாபத்வலை ஓதுபள்ளிக்கு வருகிறார். வழி நெடுக நான் மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பள்ளி வாசலில் டொக்டர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். யஹ்யா லெப்பைக்கு அப்போது எண்பதுக்குக் கிட்ட. நெற்றியில் திருநீறோடு ஒருவர் உள்ளே வந்து எதிரே பாயில் உட்கார்ந்ததும், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நானும் மிஸ்ஸியும் வாசலோரம் நின்றோம்.

"ஒண்டு கேக்க வந்தனான், பெரியவர்," என்றார் டொக்டர். "காலிலை கட்டுப் போட்ட மனுசன், கட்டு நனையாமல் எப்பிடித் தொழுறது?"

"மத்ததெல்லாம் கழுவிட்டு, கட்டை அவுக்காம, கட்டுக்கு மேல ஈரக்கையால தடவிக்கிறது," என்றார் லெப்பை உடனே. "அதோட சுத்தமான மண்ணுல கையத் தட்டி மொகத்தையும் கையையும் தடவிக்கணும். தயம்மும்னு சொல்லுவோம். கிதாபுல இருக்கே."

இருக்கிறது! இருபது நாள் கரைத்த கதைக்கு அவ்வளவு சுருக்கமான பதில் இருந்திருக்கிறது, நடந்தால் ஐந்து நிமிஷ தூரத்தில்.

"அப்ப நீங்கள் படிப்பிச்ச நுஹ்மானுக்கு அது ஏன் தெரியேல்லை?"

யார், என்ன என்று லெப்பை விசாரித்தார். நான் வாசலிலிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே சொன்னேன். கிழவரின் முகம் மெல்ல மெல்ல விழுந்தது.

"நான்தான் சொல்லிக் குடுக்கல்ல," என்றார். "பொடியனுங்க குதிகால நனைக்காம தொழ ஓடுவானுங்க. அந்தக் குதிகால்லயே பெரம்பால போடுவேன். சலுகை இருக்குன்னு சொன்னா மறுநாளே நாலு பேரு கால்ல துணியச் சுத்திக்கிட்டு வந்து நிப்பானுங்க. அதுக்குப் பயந்து நான் அந்தப் பாடத்தைத் தொடவே இல்ல." பிரம்பு இருந்த மூலையைப் பார்த்தார். பிறகு எழுந்து சால்வையை எடுத்தார். "நீங்க போய்ச் சொன்னா அவன் நம்ப மாட்டான். நான் வர்றேன்."

நம்பவில்லைதான். ஆஸ்பத்திரிக்கு வந்து, லெப்பை கட்டிலருகே உட்கார்ந்து எல்லாம் சொல்லி முடித்தபிறகும், "டொக்டர் ஐயா சொல்லச் சொன்னாங்களா?" என்று இவர் கேட்டாரே பார்க்கலாம். மிஸ்ஸி சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டேய்," என்றார் லெப்பை. "படைச்சவன் ஒன்னை ஒடஞ்ச காலோட வரக் கூடாதுன்னு சொல்லல்ல. வந்தவனைத் தொரத்தவும் இல்ல. தொரத்தினது என் பெரம்புதான்." அந்த வெளுத்து உரிந்த குதிகாலை அவர் கையால் மூடிப் பிடித்தார். "இதுல எத்தனை அடி அடிச்சிருப்பேன்?"

"தெரியல்ல, லெப்பை."

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுக் கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன், கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

டொக்டர் சட்டைக் கையை மடித்தார். ஊசி, இழுவை, பஞ்சு. வாளியில் குமிழி. சுற்று மேல் சுற்று. மூன்றாம் தரம் அந்த உள்ளங்கால் அவர் நெஞ்சில் ஏறியது. இந்தத் தரம் இவர் காலை இழுக்கவில்லை. மா வெந்நீர் மாதிரிச் சூடேறி, பிறகு ஆறத் தொடங்கியதும், டொக்டர், "பெரியவர், நீங்கள் சொன்ன தடவலைக் காட்டுங்கோ பாப்பம். எவ்வளவு ஈரம் எண்டு எனக்கும் தெரியவேணும்," என்றார்.

லெப்பை கையைத் தண்ணீரில் நனைத்து உதறி, விரல் பக்கமிருந்து கணுக்காலுக்கு மேலே, முழங்கால் வரைக்கும், உள்ளங்கையால் ஒரே தடவாகத் தடவினார். டொக்டர் கட்டுக்கு மெருகு கொடுத்த அதே தடவல். அதே பக்கம், அதே மெது. நான் பார்த்தேன், மிஸ்ஸியும் பார்த்தார்.

"இந்த ஈரம் ஒண்டும் செய்யாது," என்றார் டொக்டர். பென்சிலை எடுத்துக் கட்டின் மேல் தேதியை எழுதினார்.

அதற்குப் பிறகு ஏழு கிழமை. வதுனாவை நான் மறைத்து வைக்கவில்லை, மறைக்க வேண்டி வரவுமில்லை. ஒரு தட்டில் சலித்த மண் எடுத்து வைத்தேன். மண்ணைத் தட்டுவார், முகத்தையும் கையையும் தடவுவார். பிறகு ஈரக்கையால் அந்தக் கல்லுக் காலைத் தடவுவார். ஒவ்வொரு தரமும் குதிகால் பக்கத்தில் அவர் கை ஒரு நொடி தயங்கும். கட்டை நான் தினமும் தட்டிப் பார்ப்பேன். டொக் டொக்கென்று சத்தம் கேட்கும்.

கட்டு வெட்டிய நாளில் கால் கம்பு மாதிரி இளைத்திருந்தது. ஆனால் நேராக இருந்தது. டொக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "நல்லாப் பொருந்தியிட்டுது," என்றார். அதைக் கேட்டதும் எழுந்து நிற்பார் என்று நினைத்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"ஸுபைதா, தண்ணி."

வதுனாவில் கொண்டுவந்து, வாளியை அடியில் வைத்து, நானே ஊற்றினேன். ஏழு கிழமை கழித்து அந்தக் குதிகாலில் தண்ணீர் ஓடியது. அவர் அதைத் தேய்த்தார், பின்பக்கம், அடிப்பக்கம், ஓரம். அவசரமே இல்லை. டொக்டர் காத்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு வரிசை ஆட்கள் இருந்தும் நின்றார்.

முடிந்ததும், "இனி என்ரை முறை," என்று கட்டிலின் முன்னால் வந்தார். ஈரமாக இருந்த காலைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தார். "தள்ளுங்கோ."

"ஐயா?"

"எவ்வளவு பலம் இருக்கெண்டு பாக்க வேணும். பலமாத் தள்ளுங்கோ."

"ஐயாவையா? எப்பிடிங்க ஐயா!"

"தள்ளினாத்தான் நாளைக்கு மலை ஏறலாம். தள்ளுங்கோ!"

என் வீட்டுக்காரர் "பிஸ்மில்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். டொக்டர் விஜயரத்தினம் ஒரு அடி பின்னால் போனார். அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "போதும், போதும். யட்டவத்தை வரைக்கும் காணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நடந்தார்.

அவருடைய வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் ஈரமாக ஒரு முழுப் பாதம். விரல் ஐந்தும் தெரிந்தன, குதிகாலும் தெரிந்தது.